சமன் குறி இருந்த இடத்தில் ஸ்ரீ: கணிதக் குறிகள் விசைப்பலகைக்கு வந்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. கணிதம் பிடிக்காதவர்களும் வாசிக்கலாம், கணக்கு ஒன்றிரண்டுதான் வரும். வினாத்தாள் டைப் செய்யும் ஆசிரியர்களும், கொமியுனிகேஷன் வைத்திருக்கும் சகோதரர்களும், வீட்டில் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கும் தாய்மாரும் கடைசிவரை வாசித்தால் சந்தோஷம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது கணித ஆசிரியர்களான நாங்கள் பயிற்சிகளைக் கைப்பேசிக் குழுக்களில் அனுப்பினோம். கணினியில் டைப் செய்வோம், கொப்பி பண்ணுவோம், குழுவில் போடுவோம். பாடசாலை திறந்த பிறகு தரம் 9 பிள்ளைகளுக்குச் சுட்டிகள் பாடத்தில் ஒரு சிறு பரீட்சை வைத்தோம். நேரம் போதவில்லை. குழுவில் கிடந்த வினாக்களையே திரும்ப எடுத்து, சரிபார்க்காமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டோம்.

அதில் ஒரு வினா: 2³ × 2⁴ ஐச் சுருக்குக. சுட்டிகளைக் கூட்டினால் 2⁷, அதாவது 128. அநேகமான பிள்ளைகள் 128 என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் 552 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் வெட்டினோம். அடுத்த நாள் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"சேர், இதுல இருபத்திமூணு தர இருபத்திநாலு எண்டுதானே இருக்கு?"

எடுத்துப் பார்த்தோம். உண்மைதான். மேலே சின்னதாக நிற்க வேண்டிய 3 உம் 4 உம் கீழே இறங்கி 2 களோடு சேர்ந்து நின்றன. 23 × 24. அவள் பெருக்கியது சரி. 128 எழுதிய மற்றப் பிள்ளைகள், பாடம் சுட்டிகள்தானே என்று ஊகித்து எழுதியிருந்தார்கள். தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்த பிள்ளைக்குத்தான் நாங்கள் புள்ளியை வெட்டியிருந்தோம்.

ஓதப் பழகிய நமக்கு இதன் பாரதூரத்தை விளக்கத் தேவையில்லை. பாவும் தாவும் ஸாவும் ஒரே உடல்தான். புள்ளி எங்கே, எத்தனை என்பதில்தான் எழுத்து மாறுகிறது. புள்ளி இடம் மாறினால் உஸ்தாத் விடமாட்டார். ஆனால் கணிதத் தாளில் ஒரு சுட்டி கீழே விழுந்தால், "பிள்ளைக்கு விளங்கும்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

அந்தச் சுட்டி ஏன் விழுந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு முழுவதும் கையில் வந்தது.

அட்சரகணிதம் பற்றி நம் ஆட்கள் பகிரும் பதிவுகளில் அல்-குவாரிஸ்மி இல்லாமல் இருக்கமாட்டார். சரிதான். 9 ஆம் நூற்றாண்டில், கலீபா அல்-மஃமூனின் காலத்தில், பக்தாதில் இருந்து அவர் எழுதிய நூலின் பெயரில் உள்ள அல்-ஜப்ர் என்ற சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் அல்ஜீப்ரா ஆனது. ஆனால் அந்தப் பதிவுகளில் படமாகப் போடும் எக்ஸ், வை, சமன் குறி எதுவும் அவருடைய நூலில் இல்லை. முழுவதும் சொற்கள்தான். தெரியாக் கணியத்தின் வர்க்கத்துக்கு மால் என்ற சொல், மூலத்துக்கு ஜித்ர் என்ற சொல். ஒரு வர்க்கத்தோடு அதன் மூலத்தின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வரும், மூலம் என்ன என்ற புகழ்பெற்ற கணக்கை வசனமாகவே கேட்டு, வசனமாகவே 3 என்று தீர்க்கிறார். நூலின் பெரும் பகுதி பராஇள் எனும் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகள். அவற்றிலும் குறி இல்லை.

இதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அட்சரகணிதத்தின் சிந்தனை முதலில் வந்தது, குறிகள் பிறகு வந்தன என்பதுதான் இதிலிருந்து நமக்குத் தெரிவது.

குறிகளின் முதல் தடங்கள் சில மக்ரிபில், அதாவது வட ஆபிரிக்காவிலும் ஸ்பெயினிலும் கிடைக்கின்றன. பின்னத்தின் மேலும் கீழும் எண்ணை வைத்து நடுவில் கோடு போடும் வழக்கம் 12 ஆம் நூற்றாண்டில் அல்-ஹஸ்ஸாரின் நூலில் இருக்கிறது. இன்றைய அல்ஜீரியாவின் துறைமுக நகரான பிஜாயாவில் இளவயதில் கணக்குப் படித்த இத்தாலியரான பிபோனாச்சி, 1202 இல் எழுதிய நூலில் அந்தக் கோட்டை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 15 ஆம் நூற்றாண்டில் கிரனடா அரசில் பிறந்து, நிலம் கைமாறியதால் இடம்பெயர்ந்து, 1486 இல் துனீசியாவில் காலமான அல்-கலஸாதி, சொற்களின் முதல் எழுத்தையே குறியாக எழுதினார். ஜித்ருக்கு ஜீம், மாலுக்கு மீம், கஃபுக்கு காஃப். இது அவருக்கு முன்பே மக்ரிபில் இருந்த வழக்கம். அவருடைய நூல்களால் அது பரவலாக அறியப்பட்டது.

நாம் இன்று எழுதும் குறிகளில் அநேகம் பின்னர் ஐரோப்பாவில், அச்சகத்தோடு சேர்ந்து வந்தவை. கூட்டலும் கழித்தலும் 1489 இல் ஜேர்மனியில் ஜொஹான்னஸ் விட்மன் அச்சிட்ட வணிகக் கணக்கு நூலில் வருகின்றன. வர்க்கமூலக் குறி 1525 இல் கிறிஸ்டொஃப் ருடொல்ஃபின் நூலில். சமன் குறி 1557 இல் வேல்ஸ் நாட்டு வைத்தியர் றொபர்ட் றெக்கோர்டின் நூலில். சமன் என்று திரும்பத் திரும்ப எழுதுவது அலுப்பாக இருக்கிறது, இரண்டு சமாந்தரக் கோடுகளைவிடச் சமனான வேறு இரண்டு பொருட்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த வருடமே கடன் வழக்கில் சிறையில் இருந்தபடி அவர் இறந்துபோனார்.

எங்கள் தாளில் விழுந்த அந்தச் சின்ன இலக்கம் இருக்கிறதே, அதை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியவர் பிரான்ஸின் தெக்கார்ட். 1637 இல் வெளிவந்த அவருடைய கேத்திரகணித நூலில் மூன்றாம் அடுக்கிலிருந்து மேலே உள்ளவற்றுக்கு இலக்கத்தை உயர்த்தி எழுதினார். வர்க்கத்துக்குப் பல இடங்களில் எழுத்தையே இரண்டு முறை எழுதினார். வர்க்கமூலக் குறிக்கு மேலே கூரைபோல நீளும் கோட்டைச் சேர்த்தவரும் அவர்தான்.

இதுவரை கை எழுதியது. கை எழுதும்போது எந்தக் குறியும் கஷ்டமில்லை. அச்சகத்திலும் கோப்பவர் பொறுமையாக இருந்தால் சின்ன இலக்கத்தைச் சின்ன ஈயத்தில் எடுத்து மேலே வைப்பார். கணித நூல் அச்சடிப்பது எப்போதும் செலவு கூடிய வேலையாகவே இருந்தது.

சிக்கல் ஆரம்பித்தது விசைப்பலகையில்.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1874 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சு இயந்திரத்தில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் இருந்தன. இலக்கங்களில் 1 உம் 0 உம் கூட இல்லை. ஒன்றுக்கு ஐ என்ற எழுத்தையும், பூச்சியத்துக்கு ஓ என்ற எழுத்தையும் அடிக்க வேண்டும். விசைகள் எண்ணிக்கைப்படிதான் இருக்கும், இடம் கொடுத்தால் காசு. எனவே தட்டெழுத்தாளர்கள் கடன் வாங்கப் பழகினார்கள். பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்து. வகுத்தலுக்கு முக்காற்புள்ளியை அடித்து, ஓரிடம் பின்னால் போய், அதன் மேலேயே சிறு கோடு. ஒரு குறிக்குரிய இடத்தில் இன்னொன்றை உட்கார வைக்கும் பழக்கம் இப்படித்தான் தொடங்கியது. 1961 இல் ஐபிஎம் கொண்டுவந்த செலக்ட்ரிக் இயந்திரத்தில் 88 எழுத்துகள் கொண்ட ஓர் உருண்டை இருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் குறிகள் உள்ள வேறு உருண்டையைப் பூட்டலாம். ஒரு வரியில் ஒரு தீட்டா வந்தால் கழற்ற வேண்டும், பிறகு திரும்பப் பூட்ட வேண்டும்.

தமிழுக்கு இது இன்னும் கடினம். 247 எழுத்தை அந்தச் சில விசைகளுக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அதைச் செய்து காட்டினார். அரவு, விசிறி, கொம்பு என்று உறுப்புகளைப் பிரித்து, மெய்யோடு சேர்த்து அடிக்கும்படி விசைப்பலகையை அமைத்தார். தமிழ் தட்டச்சு அவரால் சாத்தியமானது. ஆனால் அத்தனை உறுப்புகளுக்கும் இடம் கொடுத்த பிறகு கணிதக் குறிகளுக்கு மிஞ்சிய இடம் சொற்பம்.

நாங்கள் பள்ளியில் படித்த காலத்து றோணியோ தாள்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டென்சில் தாளில் தமிழை டைப் செய்து, கணக்கு வரும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பிறகு கூர் முனைப் பேனையால் வர்க்கமூலத்தையும் பின்னத்தையும் கையால் கீறுவார்கள். மை பரவி, கோடு கோணி, பார்க்க அழகில்லைதான். ஆனால் சுட்டி சுட்டியாகவே இருக்கும். கீறியவர் ஓர் ஆசிரியர், அதன் பொருள் தெரிந்தவர். கீழே விழ அவர் விடமாட்டார்.

பிறகு கணினி வந்தது. கணினிகள் ஒன்றோடொன்று எழுத்துகளைப் பரிமாற 1963 இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற நியமத்தை வகுத்தார்கள். அது முழுமையடைந்தபோது அச்சிடக்கூடிய குறிகள் 95. அதில் கூட்டல் உண்டு, சமன் உண்டு, சிறிது பெரிது உண்டு. × இல்லை. ÷ இல்லை. √ இல்லை. ≤ இல்லை. உயர்த்தி எழுதும் இலக்கமும் இல்லை.

இல்லாததைப் பழையபடி கடன் வாங்கினார்கள். 1957 இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலேயே பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி வந்துவிட்டது. வகுத்தலுக்குச் சாய்கோடு. ஆஸ்கியில் முதலில் மேல்நோக்கிய அம்பாக இருந்த குறி பின்னர் ^ என்று மாறியது. அடுக்கைக் குறிக்க அது பயன்பட்டது. 1979 இல் டான் பிரிக்லினும் பொப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகல்க் என்ற விரிதாள் மென்பொருளிலிருந்து இன்றைய எக்செல் வரை இந்தக் கடன் தொடர்கிறது. சிறு வயதில் × படித்த பிள்ளை, பத்தாம் வகுப்பில் கணினி அறைக்குப் போனதும் * என்று எழுத வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். பழைய விசைப்பலகையில் இடம் இல்லாமல் போனதுதான் காரணம், கணிதத்தில் அதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

விரிதாளில் றெக்கோர்டின் சமன் குறிக்கும் வேலை மாறிவிட்டது. இரண்டு பக்கமும் சமன் என்று சொல்ல வந்த குறி, அங்கே கலத்தின் முதலில் நின்று "இதைக் கணி" என்று கட்டளையிடுகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. எக்செலில் =-3^2 என்று எழுதினால் 9 வரும். கணிதப் பாடத்தில் அதே கோவையின் பெறுமதி -9. எக்செல் முதலில் மறைக் குறியை 3 உடன் சேர்த்துவிட்டு அதன் பிறகுதான் வர்க்கிக்கிறது. =-(3^2) என்று அடைப்புப் போட்டால் -9 வரும். அடுத்தது, ஒரு கலத்தில் 3/4 என்று அடித்தால் பின்னம் வராது, திகதி வந்துவிடும். 0 அடித்து ஓர் இடைவெளி விட்டு 3/4 என்று அடித்தால் முக்கால் நிற்கும். மார்க்ஸ் சீட்டில் இது எத்தனை பேரின் தலையைச் சுற்றவைத்தது என்பது நமக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் இந்தக் குறைக்கு மருந்து தேடிய சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிரையன் கேர்னிகனும் லொரிண்டா செரி என்ற பெண்மணியும் ஒரு முறையை உருவாக்கி 1975 இல் அது பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு சமன்பாட்டை இன்னொருவருக்கு வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே சொற்களாக டைப் செய்தால், கணினி அதைக் குறியாக மாற்றி அச்சிடும். கணிதமோ அச்சுத்தொழிலோ தெரியாதவரும் டைப் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். பாருங்கள், அல்-குவாரிஸ்மி எழுதியது போல மீண்டும் வசனம்!

அதே காலத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத்துக்கு ஒரு கவலை. ஏற்கெனவே அழகாக அச்சாகி வந்த தன் நூலின் இரண்டாம் பதிப்புக்கு, புதிய முறையில் கோத்த மாதிரித் தாள்கள் 1977 இல் வந்தன. கணிதம் அவலட்சணமாக இருந்தது. ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, தானே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடியும் என்று தொடங்கிய வேலை ஏறத்தாழப் பத்து வருடம் எடுத்தது. அதுதான் டெக். அதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். அதன் ஒவ்வொரு புதிய பதிப்பின் எண்ணும் π இன் பெறுமதிக்கு ஓர் இலக்கம் நெருங்குகிறது. இன்றும் உலகின் பெரும்பாலான கணித ஆய்வுக் கட்டுரைகள் டெக்கிலும், அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக்கிலும்தான் எழுதப்படுகின்றன.

ஆனால் நம் பாடசாலைகளுக்கு வந்தது வேர்ட். அதற்குள் குறிகள் எப்படி வந்தன என்பதில்தான் எங்கள் 23 × 24 இன் விடை இருக்கிறது.

தொடக்கத்தில் குறிகள் வந்தது எழுத்துரு என்ற வேஷத்தில். சிம்பல் என்ற எழுத்துருவைத் தெரிவுசெய்து பி எழுத்தை அடித்தால் திரையில் π தெரியும், ஏ அடித்தால் ஆல்பா தெரியும். பழைய கோப்புகளில் உள்ளே இருப்பது பி தான். அதே எழுத்துரு இல்லாத இடத்துக்கு அந்த எழுத்து போனால் வேஷம் கலைந்து π மறுபடியும் பி ஆகிவிடும்.

இலங்கையில் நாம் தமிழை டைப் செய்ததும் இதே வழியில்தான். பாமினி எழுத்துரு தட்டச்சு இயந்திரத்தின் விசை ஒழுங்கைப் பின்பற்றியது. ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. இடம் போதாமல் குறிகளின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. பாமினியில் டைப் செய்பவர்களுக்குத் தெரியும்: கமாவை அடித்தால் இ வரும். சிறிது என்ற குறியை அடித்தால் ஈ வரும். சமன் குறியை அடித்தால் ஸ்ரீ வரும். கணித வினாத்தாளில் "5 + 3 = 8" என்று அடித்துவிட்டு, எழுத்துருவை மாற்ற மறந்து, சமன் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ரீயைக் கண்டு சிரித்தவர்கள் நம்மில் பலர். சமனிலிப் பாடத்தில் "ஈ" பறந்து வந்த தாள்களும் உண்டு. முத்தையாவின் காலத்தில் தமிழுக்காகக் கணிதம் விட்டுக்கொடுத்த இடம், கணினிக்குள்ளும் அப்படியே வந்துவிட்டது.

வேர்டில் இலக்கத்தை உயர்த்தும் பொத்தானும் ஒரு வேஷம்தான். 2 அடித்து, 3 அடித்து, 3 ஐ உயர்த்தினால், உள்ளே இருப்பது 23. "இரண்டாவதைச் சின்னதாக்கி மேலே காட்டு" என்ற அலங்காரம் மட்டும் அதோடு ஒட்டியிருக்கும். அதைக் கொப்பி பண்ணி, வெறும் எழுத்தை மட்டும் ஏற்கும் கைப்பேசிக் குழுவில் போடும்போது அலங்காரம் வாசலிலேயே கழன்றுவிடும். உள்ளே போவது 23. எங்கள் சுட்டி விழுந்தது அங்கேதான்.

1990களில் வேர்டோடு சமன்பாடு எழுதும் ஒரு தனிக் கருவி வந்தது. கலிஃபோர்னியாவின் டிசைன் சயன்ஸ் நிறுவனம் செய்தது. பின்னமும் மூலமும் அழகாக வரும். ஆனால் தாளில் அது ஒரு தனிப் பொருளாக, படம் போல உட்கார்ந்திருக்கும். 2000 ஆம் ஆண்டில் உருவான அதன் நிரலில் ஆபத்தான பாதுகாப்புக் குறைபாடு ஒன்று 2017 இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2018 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் அந்தக் கருவியையே நீக்கிவிட்டது. உலகெங்கும் ஆசிரியர்கள் வருடக்கணக்காகச் சேர்த்த பழைய கோப்புகளில் சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரியும், அந்தக் கருவியால் இனித் திருத்த முடியாது.

இந்த வேஷங்களுக்கு முடிவு கட்டியது யூனிகோட். 1991 இல் அதன் முதல் பதிப்பு வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு சொந்த எண். அந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் இருந்தது, கணிதக் குறிகளுக்கும் இடம் இருந்தது. தட்டச்சு இயந்திரக் காலம் தொட்டு ஒன்றின் இடத்தை ஒன்று பிடித்துக்கொண்டிருந்த இரண்டும் முதன்முறையாக ஒரே வரியில், ஒருவரை ஒருவர் தள்ளாமல் நின்றன. ≤ என்பது இனி எந்த எழுத்துருவிலும் ≤ தான். 2012 இல் வந்த 6.1 ஆவது பதிப்பில் அரபுக் கணித எழுத்துகள் 143 சேர்க்கப்பட்டன. அரபு நாடுகள் பலவற்றில் இன்றும் வலமிருந்து இடமாக அரபு எழுத்துகளாலேயே கணிதம் எழுதுகிறார்கள். அல்-கலஸாதி பயன்படுத்தியது போன்ற, சொல்லின் தொடக்கத்தில் வரும் வடிவிலான ஜீமுக்கும் மீமுக்கும் அங்கே தனித்தனி எண் உண்டு.

வேர்ட் 2007 இல் யூனிகோடை நம்பிப் புதிய சமன்பாட்டு முறை வந்தது. முறே சார்ஜென்ட் என்ற பௌதிகவியலாளர் வகுத்த எழுத்து முறை அதன் உயிர். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு சமன் குறியை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 2^3 என்று அடித்து இடைவெளி விசையைத் தட்டினால் 3 தானாக மேலே ஏறும். 3/4 அடித்துத் தட்டினால் பின்னமாக நிற்கும். ஒரு பலகையும் தேடத் தேவையில்லை.

இனி நாம் என்ன செய்யலாம்? எங்கள் கல்லூரி நாட்களில் யாரும் சொல்லித் தராத சிலவற்றை இங்கே எழுதிவைக்கிறோம்.

விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க இலக்கப் பலகையில் 0178 அடித்தால் ² வரும். 0179 அடித்தால் ³. 0215 பெருக்கல் ×, 0247 வகுத்தல் ÷, 0177 ±, 0176 பாகைக்குரிய °. 251 அடித்தால் √. இவை எக்செலின் கலத்துக்குள்ளும் வேலை செய்யும். ஆனால் கலத்துக்குள் இப்படி எழுதிய 10³ வாசிப்பதற்கு மட்டும்தான். கணிக்க வேண்டுமென்றால் =10^3 என்றே எழுத வேண்டும்.

வேர்டில் 2264 என்று அடித்து, உடனே ஆல்ட் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் அது ≤ ஆக மாறும். 2265 என்றால் ≥. 2260 என்றால் ≠. 2074 என்றால் ⁴. முன்னால் வேறோர் இலக்கம் ஒட்டி நின்றால், அந்த நான்கு இலக்கங்களை மட்டும் தெரிவுசெய்துவிட்டு அழுத்துங்கள், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத எழுத்து ஒன்று வந்து நிற்கும்.

கைப்பேசியில் இன்னும் லேசு. கூகிள் விசைப்பலகையில் இலக்கப் பக்கத்துக்குப் போய் 3 ஐ அழுத்திப் பிடித்தால் ³ மேலே வரும். √, π, ×, ÷ எல்லாம் குறிகளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. இப்படி எழுதிய 2³, குழுவுக்குப் போனாலும், மின்னஞ்சலில் போனாலும், இன்னொரு கணினிக்குப் போனாலும் 2³ ஆகவே இருக்கும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதை இருபத்திமூன்று என்று வாசிக்காது.

தமிழை இன்னும் பாமினியில் டைப் செய்யும் மூத்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களின் வேகம் எங்களுக்கு வராது. கணித, விஞ்ஞானத் தாள்களையாவது யூனிகோடில் செய்தால், சமனும் சிறிதும் பெரிதும் தங்கள் இடத்தில் நிற்கும் என்பது மட்டும்தான் எங்கள் வேண்டுகோள்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை. தாளை ஒருமுறை கையில் எடுத்து, விடைத்தாளைப் பார்க்காமல், ஒரு பிள்ளையைப் போல எல்லாக் கணக்கையும் செய்து பாருங்கள். எங்கள் பாடசாலையில் இப்போது தாளை டைப் செய்தவர் சரிபார்ப்பதில்லை, மற்றவர்தான் செய்து பார்க்கிறார். இந்தப் பழக்கத்துக்குக் காரணம் அந்தப் பிள்ளை கொண்டுவந்து வைத்த தாள்தான்.

அவளுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தோம். வகுப்பின் முன்னால் பிழை எங்களுடையது என்றும் சொன்னோம். "நான் பிழையா வாசிச்சிட்டேனோ எண்டு ராவெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தேன் சேர்" என்றாள். ஒரு பிள்ளை தன் கண்ணையே சந்தேகித்த அந்த இரவுக்கு நாங்கள்தான் பொறுப்பு.

ஜித்ர் என்று முழுச் சொல்லாக எழுதிய காலத்திலிருந்து, ஒரு ஜீமாகச் சுருங்கி, ஈயத்தில் ஏறி, ஸ்டென்சிலில் கீறப்பட்டு, இன்று ஒரு எண்ணாகக் கணினிக்குள் நிற்கும் வரை, இந்தக் குறிகளை இத்தனை பேர் எங்களிடம் சுமந்து வந்து சேர்த்திருக்கிறார்கள். அவை அமானிதம். வந்தபடியே பிள்ளையின் கையில் கொடுப்பது நம் வேலை.

பிழைகள் இருந்தால் கருத்துப் பகுதியில் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். வினாத்தாள் தயாரிக்கும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவருக்கும் அனுப்பிவையுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.